மண்ணின் இருப்பும் பயிரின் வரவும்

வங்கியோடு பழகியவர்களுக்கு ஒரு வேறுபாடு நன்கு தெரியும். ஒருவர் பெயரில் நிலமும் வீடும் இருக்கலாம். ஆயினும் நாளைக் காலை கூலி கொடுக்க அவர் கையில் ரொக்கம் இல்லாமல் போகலாம். சொத்துப் பட்டியலைப் பார்த்து அவரைச் செல்வர் என்போம். அவருடைய பணப்பையைப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவோம். நம் நாட்டு வயல்களில் இரும்புச் சத்தும் மாங்கனீசுச் சத்தும் இருக்கும் நிலை பெரும்பாலும் இத்தகையதே. மண்ணில் அவை ஏராளமாக உள்ளன. பயிருக்குத்தான் கிடைப்பதில்லை.

இந்த வேறுபாட்டை உணராமல், 'பற்றாக்குறை' என்ற ஒரே சொல்லைக் கேட்டவுடன் மூட்டை வாங்கி வயலில் கொட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த மூட்டைக்கான பணம் பல நேரங்களில் பயிர்க்கடனிலிருந்து வருகிறது. அது வீணானால் வட்டியும் வீணாகிறது; விளைச்சல் குறைந்தால் தவணையும் தடுமாறுகிறது. ஆகவே இதனை வேளாண் அறிவியலார் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியாக நாம் கருதவில்லை. கடன் பெறுவோரும் கடன் தருவோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி இது. கிராமத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் வாழும் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களுடைய சொத்தின் உண்மையான மதிப்பு அந்த மண்ணின் குணத்தில்தான் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து நிறுத்தால் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ இருக்கும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு இரும்பு என்று கொண்டால் 60,000 கிலோ ஆகிறது. மாங்கனீசு இதைவிட மிகக் குறைவு. ஒரு கிலோ மண்ணில் 500 மில்லிகிராம் என்று கொண்டால் ஹெக்டேருக்கு 1,000 கிலோ. ஒரு பருவத்தில் நெல்லோ கோதுமையோ இவ்விரண்டிலும் எடுத்துக்கொள்வது சில கிலோவைத் தாண்டுவதில்லை. கணக்குப் புத்தகத்தின்படி பார்த்தால் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டாலும் இந்த இருப்புக் கரையாது.

ஆனால் வேர் உறிஞ்சுவது கல்லையோ துருவையோ அன்று; மண்ணீரில் கரைந்த வடிவத்தைத்தான். இரும்பு கரைவதும் கரையாமல் இறுகுவதும் மண்ணின் கார அமில நிலையைப் பொறுத்தது. அந்த அளவு ஓர் அலகு உயர்ந்தால், மண்ணீரில் தனித்து நிற்கும் இரும்பு அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாங்கனீசு நூற்றில் ஒரு பங்காகும். கார அமில நிலை 6 உள்ள வயலுக்கும் 8 உள்ள வயலுக்கும் இடையே பார்வைக்கு வேறுபாடு தெரியாமலிருக்கலாம். இரும்பு அயனியின் கணக்கில் அவை பத்து லட்சம் மடங்கு விலகி நிற்கின்றன.

காற்றும் நீரும் மற்றொரு காரணம். நீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் உயிர்வளி குறையும்போது இரும்பும் மாங்கனீசும் கரையும் வடிவத்துக்கு மாறுகின்றன. வயல் காய்ந்து காற்று புகுந்ததும் மீண்டும் இறுகிவிடுகின்றன. மூன்றாவது காரணம் மக்கு. தொழுவுரமும் பசுந்தாளும் மக்கும்போது உண்டாகும் கரிமப் பொருள்கள் இவ்விரு சத்துகளையும் பிடித்து, கரைந்த நிலையிலேயே வேர்வரை கொண்டு சேர்க்கின்றன. கார அமில நிலை, ஈரம், மக்கு ஆகிய மூன்றும் கூடி முடிவு செய்வதே 'கிடைக்கும் அளவு'. மண்ணில் உள்ள மொத்த அளவுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்ணூட்டச் சத்துகளுக்கான அனைத்திந்திய ஆராய்ச்சித் திட்டத்தினர் நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மண் மாதிரிகளை ஆய்ந்துள்ளனர். அவற்றில் இரும்பு போதாதவை ஏறத்தாழ 13 விழுக்காடு; மாங்கனீசு போதாதவை ஏறத்தாழ 7 விழுக்காடு. துத்தநாகக் குறைவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருப்பதால், இவ்விரண்டும் சிறிய எண்களாகத் தோன்றக்கூடும். ஆனால் இவை நாடு முழுவதும் சீராகப் பரவிய எண்கள் அல்ல. சில வட்டாரங்களில் குவிந்து நிற்பவை. குவிந்து நிற்கும் இடத்தில் உள்ள உழவருக்கு அது 7 விழுக்காடு அன்று, அவருடைய வயல் முழுவதும். மூன்று வட்டாரங்களைப் பார்த்தால் செய்தி தெளிவாகும்.

பஞ்சாபின் மணல் நிலங்கள்

பஞ்சாபில் 1960-61இல் நெல் விளைந்த பரப்பு 2.27 லட்சம் ஹெக்டேர் மட்டுமே. இன்று அது 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். நிலக்கடலையும் கம்பும் விளைந்த மணற்பாங்கான நிலங்களிலும் கால்வாய் நீரையும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் தேக்கி நெல் நடத் தொடங்கினர். நெல் நன்றாகவே விளைந்தது. 1970களின் பிற்பகுதியில் அதே வயல்களில் அடுத்து விதைத்த கோதுமை வெளிறத் தொடங்கியது. ஆராய்ந்தபோது அது மாங்கனீசுக் குறைவு என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். நெல்லுக்காக மாதக்கணக்கில் நீர் தேங்கிய மண்ணில் மாங்கனீசு கரைந்தது. களிமண்ணாக இருந்தால் அது அங்கேயே தங்கியிருக்கும். மணலில் பிடிப்பு இல்லாததால் ஒவ்வொரு பாசனத்துடனும் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மேல்மண்ணில் எஞ்சியதும், கோதுமைக்காக வயல் காய்ந்தபோது இறுகிப்போனது. மண்ணின் பழைய சேமிப்பை ஒரு பயிர் செலவழித்தது. அதன் பற்றாக்குறையை அடுத்த பயிர் சுமந்தது.

இதில் உழவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கோதுமை வெளிறினால் முதலில் தோன்றும் எண்ணம் தழைச்சத்துக் குறைவு என்பது. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தால் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, இன்னொரு மூட்டை போட்டுப் பார்க்கலாமே என்று கை நீளுவது இயல்பு. தழைச்சத்துக் குறைவில் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலை. மாங்கனீசுக் குறைவில் நடு இலைகளின் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறி, சாம்பல் கலந்த மஞ்சளாகவோ இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாகவோ புள்ளிகள் தோன்றும். இலையைக் குனிந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். பார்க்காமல் யூரியா இட்டால் அந்த மஞ்சள் மாறாது. மருந்து தர வேண்டிய நாளும் கடந்துவிடும்.

லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் கூறும் தீர்வு மிக எளியது. ஏக்கருக்கு ஒரு கிலோ மாங்கனீசு சல்பேட்டை 200 லிட்டர் நீரில் கரைத்து, முதல் பாசனத்துக்கு இரண்டு முதல் நான்கு நாள்களுக்கு முன்பு ஒருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறை வெயில் உள்ள நாள்களில் இரண்டு மூன்று முறையும் இலைகளில் தெளிக்க வேண்டும். அதே உப்பை மண்ணில் இட்டால் பல மடங்கு தேவைப்படும். அதிலும் பெரும்பகுதி இறுகிவிடும். மாங்கனீசு குறைந்த மணல் நிலத்தில் டூரம் வகைக் கோதுமையை விதைக்க வேண்டாம் என்றும் அப்பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. செலவில்லாத அறிவுரை அது.

அதே பஞ்சாபில் இன்று இரும்பு மற்றொரு வகையில் தலைதூக்குகிறது. நிலத்தடி நீர் வற்றுவதால் நாற்று நடாமல் நேரடியாக நெல் விதைக்கும் முறையை அரசு ஊக்குவிக்கிறது. 2022 முதல் ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. நீரைச் சேமிக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் தேங்கிய நீர் இல்லாதபோது மணல் நிலத்தில் இரும்பு கரைவதில்லை. இளம் நெற்பயிர் வெள்ளையாகி மடிகிறது. அதனால்தான் நடுத்தர மண்ணிலும் களிப்பாங்கான மண்ணிலும் மட்டும் இம்முறையைக் கையாளுமாறு பல்கலைக்கழகம் வரையறுத்துள்ளது. ஊக்கத்தொகையை மட்டும் கேட்டு, வரையறையைக் கேட்காமல் விட்டவர் மிச்சப்படுத்திய நீரின் பயனைப் பயிரில் இழக்கிறார்.

சௌராஷ்டிரத்தின் நிலக்கடலை

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி நாட்டின் நிலக்கடலைக் களஞ்சியம். நிலக்கடலைக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஜூனாகட்டில் அமைந்திருப்பதும் அதனாலேயே. அங்குள்ள கரிசல் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. பருவமழை தொடர்ந்து பெய்து மண் நனைந்தே இருக்கும் நாள்களில், முளைத்துச் சில வாரங்களான செடியின் நுனி இலைகள் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முற்றினால் இலை முழுவதும் தாள்போல் வெளுக்கும். இதுவே இரும்புக் குறைவின் முகம். முதிர்ந்த இலையிலுள்ள இரும்பு இளம் இலைக்கு இடம் பெயராது என்பதால் நோய் எப்போதும் கொழுந்திலிருந்தே தொடங்குகிறது.

நீர் தேங்கினால் இரும்பு கரையும் என்று மேலே கூறினோம். இங்கே நனைந்த மண்ணில் குறைவு எப்படி நேர்கிறது என்று வாசகர் கேட்கலாம். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் நீடித்தால் வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. அது மண்ணின் காரத்தன்மையைக் குறையவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. வேர் இரும்பைக் கரைத்து எடுக்கும் முயற்சியையும் தடுக்கிறது. நெல் வயலில் நன்மை செய்த ஈரம், கடலைக் காட்டில் தீமை செய்கிறது. பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரைப் பாய்ச்சினாலும் இதே விளைவுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அயலூர்ச் செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. கோயம்புத்தூர்ப் பகுதியின் சுண்ணாம்புக் கரிசலில் கரும்பும் சோளமும் வெளிறுவதை அங்குள்ளோர் அறிவர். அன்னபேதி உப்பு என்று நம் உழவர்கள் அழைக்கும் இரும்பு சல்பேட்டை இம்மண்ணில் இட்டால் நேர்வது என்ன? அதிலுள்ள 19 விழுக்காடு இரும்பும் சில நாள்களுக்குள் துருவாக மாறி, ஏற்கெனவே அங்குள்ள ஆயிரக்கணக்கான கிலோ துருவோடு சேர்ந்துவிடும். கடலில் உப்பைக் கரைத்த கதைதான்.

இலைவழித் தெளிப்பே இங்கும் பயனுள்ளது. நிலக்கடலைக்கு அரை விழுக்காடு அன்னபேதி உப்புக் கரைசல், அதாவது 100 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ. அதனுடன் 100 கிராம் சிட்ரிக் அமிலம். கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். நீர் துரு நிறத்துக்கு மாறினால் இரும்பு இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தெளிப்பது வெறும் உழைப்பு. புதிய இலைகளுக்குப் பழைய தெளிப்பு உதவாது என்பதால் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும்.

குட்டநாட்டில் மிகுதியே பகை

மூன்றாவது வட்டாரம் நேர் எதிரானது. கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களில் நெல் விளைகிறது. அங்குள்ள மண்ணில் புளிப்புத் தன்மை கடுமையானது. நீரும் தேங்கி நிற்கிறது. புளிப்பும் தேக்கமும் கூடியதால் இரும்பு அளவுக்கு மீறிக் கரைகிறது. நெற்பயிரின் அடியிலைகளில் செம்பு நிறப் புள்ளிகள் தோன்றிப் பரவுகின்றன. வேரைச் சுற்றித் துருப் படலம் படிந்து மற்றச் சத்துகளும் உள்ளே செல்ல முடியாமல் போகிறது. பசியால் வாடும் பயிர் போலவே அது தோற்றம் அளிக்கும். உண்மையில் அது நஞ்சுண்ட பயிர்.

கேரளத்தின் சரளை மண் தாழ்நிலங்கள், ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றின் புளிப்பு நிலங்களிலும் இத்தொல்லை உண்டு. சுண்ணாம்பு இடுவதும், நீரை வடித்துப் புதுநீர் பாய்ச்சுவதும், சாம்பல் சத்தைக் குறைவின்றித் தருவதும் இங்கே தீர்வுகள். சௌராஷ்டிரத்தில் நோய்க்குக் காரணமான சுண்ணாம்பு, குட்டநாட்டில் மருந்தாகிறது. சௌராஷ்டிரத்தில் மருந்தான இரும்பு, குட்டநாட்டில் நோயாகிறது. இவ்விரு நிலங்களுக்கும் ஒரே நுண்ணூட்டக் கலவை மூட்டையை விற்கும் வணிகமும், வாங்கும் வழக்கமும் எந்த அறிவுக்கும் பொருந்துவன அல்ல.

அட்டை சொல்வதும் சொல்லாததும்

அளந்து பார்க்கும் வசதி நம்மிடம் இல்லாமல் இல்லை. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கட்டில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த அட்டையில் 12 அளவுகள் உள்ளன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. நாடு தழுவிய அளவில் உழவர் கையில் ஆய்வு முடிவைக் கொண்டு சேர்த்த முயற்சி என்ற வகையில் அதனை நாம் பாராட்டுகிறோம். அதே காரணத்தால் அதன் குறைகளைச் சுட்டுவதும் கடமையாகிறது.

முதற்குறை, மண்ணிலுள்ள சுண்ணாம்பின் அளவு அந்தப் பன்னிரண்டில் இடம்பெறவில்லை. இரும்பைப் பொறுத்தவரை இது சிறிய விடுபாடு அன்று. அட்டையில் ஒரு கிலோ மண்ணில் 4.5 மில்லிகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைவு என்றும், 2 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மாங்கனீசுக் குறைவு என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ இரும்புக்கு இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது: சுண்ணாம்பற்ற மண்ணுக்கு 3.7, சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3. ஒரு வயலின் ஆய்வு முடிவு 5 என்று வந்தால் பொது எல்லைப்படி அது போதுமானது. அந்த வயல் சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் அதே 5 குறைவானது. அட்டையில் 'போதும்' என்று படித்துவிட்டு, வயலில் வெளிறிய கொழுந்தைக் காணும் உழவர் ஆய்வையே நம்பாமல் போவதில் வியப்பில்லை. ஆய்வுக்கூடத்தில் நீர்த்த அமிலம் சில துளிகள் விட்டு மண் நுரைக்கிறதா என்று பார்ப்பதற்குக் கூடப் பெரிய செலவு இல்லை. கார அமில நிலை 7.5ஐத் தாண்டிய மாதிரிகளுக்காவது சுண்ணாம்பு அளவையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது நம் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது குறை, மாதிரியின் பரப்பு. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என மாதிரி எடுக்கும் முறையில் அட்டை வழங்கப்பட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர். ஆகவே இருவர் மூவர் வயல்களுக்கு ஒரே முடிவு. மேட்டு வயலும் பள்ள வயலும், மணலும் களியும் கலந்த ஊர்களில் பக்கத்து வயலின் எண் நம் வயலுக்குப் பொருந்தாது.

மூன்றாவது குறை மாதிரி எடுக்கும் கையில் இருக்கிறது. துருப்பிடித்த மண்வெட்டியால் வெட்டிய மண்ணில் இரும்பைத் தேடினால், மண்வெட்டியின் இரும்பும் கணக்கில் சேர்ந்துவிடும். நுண்ணூட்ட ஆய்வுக்கு மரக்குச்சி, பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கருவியே ஏற்றது. ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து சீவிய மண்ணை வயலில் 10 முதல் 15 இடங்களில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து, வெயிலில் அன்றி நிழலில் உலர்த்த வேண்டும். சூடேறினால் மாங்கனீசின் அளவு உயர்ந்து காட்டும்.

சிலர் எழுப்பும் மறுப்புகள்

'ஆய்வு முடிவு வருவதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. கலவை மூட்டையை வாங்கிப் போட்டுவிட்டால் காப்பீடு போல மன நிம்மதி' என்று கூறுவோர் உண்டு. தாமதம் பற்றிய குறை நியாயமானது. ஆனால் கார அமில நிலையும் சுண்ணாம்பும் மண்ணின் இயல்பைச் சார்ந்தவை. ஒரு பருவத்தில் பெரிதாக மாறுபவை அல்ல. கோடையில் நிலம் காலியாக இருக்கும்போது ஒருமுறை ஆய்ந்தால் சில ஆண்டுகளுக்குத் திட்டமிடலாம். காப்பீடு என்பதும் பொருந்தாத ஒப்புமை. இழப்பு நேர்ந்தால் ஈடு தருவது காப்பீடு. சுண்ணாம்பு மண்ணில் இட்ட இரும்புக் கலவை எந்த ஈடும் தராது.

'சல்பேட் வீணாகலாம், கிலேட் வகை உரம் வீணாகாது' என்பது கடைத்தெருவின் மறுமொழி. அதிலும் வகை பார்க்க வேண்டும. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. கிலேட்டில் 12 விழுக்காடு இரும்பு உண்டு. இலையில் தெளிக்க அது பயன்படும். சுண்ணாம்பு மண்ணில் இட்டால் கால்சியம் இரும்பைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அம்மண்ணிலும் நிலைத்து நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. கிலேட்டின் விலை, நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் கட்டுப்படியாவதில்லை. பெயரில் கிலேட் என்று இருப்பதாலேயே அதிக விலை கொடுப்பது முறையன்று. எந்த மண்ணில், எந்த வழியில் இடுகிறோம் என்பதே விலையை நியாயப்படுத்தும்.

'சிறு உழவரிடம் ஆய்வு, அறிக்கை என்று மேலும் ஒரு சுமையை ஏற்றலாமா' என்ற கேள்வி மிகவும் மதிக்கத்தக்கது. அதற்கும் விடை உண்டு. ஐயம் எழுந்தால் வயலில் இரண்டு வரிசைச் செடிகளுக்கு மட்டும் அன்னபேதிக் கரைசலைத் தெளித்து அடையாளம் வைக்கலாம். ஒரு வாரத்துக்குள் அவ்வரிசை பசுமையானால் குறைவு இரும்புதான். மாறவில்லை என்றால் காரணம் வேறு. மூட்டை வாங்கும் செலவு மிச்சம். இதற்கு ஆகும் உப்பு ஒரு கைப்பிடியைத் தாண்டாது.

கடன் கோப்பில் மண்ணுக்கு ஓர் இடம்

பயிர்க்கடனின் அளவு மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வகுக்கும் கணக்கின்படி, பயிரையும் பரப்பையும் கொண்டு முடிவாகிறது. ஒரு மாவட்டத்தில் ஏக்கர் நிலக்கடலைக்கு இவ்வளவு என்றால், சுண்ணாம்புக் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் பொதுவாக அதே தொகைதான். கடன் முறையின் எளிமைக்கு இது தேவை. இதைக் குலைக்க நாம் கூறவில்லை. எனினும் மூன்று சிறு மாற்றங்கள் இயலும் என்று கருதுகிறோம்.

ஒன்று, விதை, உரம், கூலி என்று வகுக்கும் செலவுப் பட்டியலில் மண் ஆய்வுக் கட்டணமும் தனி இனமாக இடம்பெறலாம். கிசான் கடன் அட்டையின் வரம்பு ஐந்து ஆண்டுகளுக்கு நிர்ணயிக்கப்படுகிறது. அக்கால அளவில் ஒரு முழுமையான ஆய்வு என்பது பெருஞ்செலவு அன்று. இரண்டு, கடன் புதுப்பிக்கும் நாளில் கிளை அலுவலர் 'உங்கள் மண்ணின் கார அமில நிலை என்ன, சுண்ணாம்பு உண்டா' என்று கேட்கும் வழக்கம் ஏற்படலாம். அறிக்கை இல்லையென்றால் கடன் இல்லை என்ற நிபந்தனையாக அது மாறிவிடக் கூடாது. மாறினால் பெயரளவுக்கு அறிக்கை வாங்கிக் கோப்பில் சேர்க்கும் சடங்காகிவிடும். கேள்வியாக இருப்பதே அதன் பயன். மூன்று, ஆய்வறிக்கையில் 'குறைவு' என்ற சொல்லோடு நிற்காமல், மண்ணில் இடுவதா, இலையில் தெளிப்பதா, அன்றி ஒன்றும் இடாமல் நீரையும் இரகத்தையும் மாற்றுவதா என்று ஒரே வரியில் எழுத வேண்டும்.

உழவர் பக்கத்திலும் நெடுநாள் முதலீடு ஒன்று உண்டு. தொழுவுரமும், நெல்லுக்கு முன் மடக்கி உழும் தக்கைப்பூண்டும் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க உதவுகின்றன. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 விழுக்காடு வட்டி. உரிய நாளில் திருப்பிச் செலுத்தினால் அது 4 விழுக்காடாகக் குறைகிறது. அந்த 3 விழுக்காட்டுச் சலுகையை இழக்காமல் காப்பதற்கு, வெளிறிய இலையைச் சரியாக அடையாளம் காண்பதும் ஒரு வழியே.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டும் என்றால், கடன் வாங்கி மண்ணில் போடுவதற்கு எவ்வளவு அளவு வேண்டும்! அடுத்த பருவத்துக்கு உரக்கடைக்குச் செல்லும் முன் நம் வாடிக்கையாளர்கள் கையில் இரண்டு விவரங்கள் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்: தம் வயலின் கார அமில நிலை, அதிலுள்ள சுண்ணாம்பின் அளவு. கடைக்காரர் மூட்டையைக் காட்டும்போது அவ்விரண்டையும் சொல்லி, 'இந்த மண்ணில் இது கரையுமா' என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்.